பாட்டை நிறுத்துங்கள், கைக்கண்ணாடியை எடுங்கள்

விபத்து நடந்த முதல் வாரங்களிலேயே, ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றால் மூளையை எழுப்ப முயலும் புலன் தூண்டல் சிகிச்சையைத் தொடங்காததால்தான் உங்கள் கணவர் மூன்று மாதமாகக் கண் திறந்தும் நினைவின்றிக் கிடக்கிறார் என்று யாரோ சொன்னதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு இச்சிகிச்சைக்கு நம்பத்தக்க சான்று எதையும் காணவில்லை. வீட்டாரின் பழகிய குரல் ஓரளவு உதவலாம் என்று பின்னாளில் வந்த சிறிய ஆய்வுகள் காட்டியதோடு சரி. ஆகவே நீங்கள் தவறவிட்டது எதுவுமில்லை. தலைக்காயத்தில் மூன்று மாதம் என்பது முடிவு சொல்லும் காலமும் அன்று.

தூண்டலின் உண்மையான பயன், ஒளிந்திருக்கும் சுயநினைவைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. நாள் முழுவதும் ஓடும் பாட்டை நிறுத்திவிட்டு, அவர் விழித்திருக்கும் வேளையில் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்துக்கு ஒரு சாண் தொலைவுக்குள் கைக்கண்ணாடியைப் பிடித்து, வலமும் இடமுமாக மெல்ல நகர்த்துங்கள். கண்கள் தம் பிம்பத்தைத் தொடர்ந்து சென்றால், அதுவே பெரும்பாலும் நினைவு திரும்புவதன் முதல் அடையாளம். கையை அசைக்கச் சொன்னால் பத்து நொடியாவது காத்திருங்கள். காயம்பட்ட மூளை தாமதமாகவே பதில் தரும். தெரிந்ததைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் நினைவே இல்லையென முடிவு செய்யப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்குச் சிறிதளவு நினைவு இருந்ததாக 2009இல் ஓர் ஆய்வு கண்டது.

கொட்டாவியும் பல்லை நறநறவெனக் கடிப்பதும் அனிச்சைச் செயல்கள். அவற்றுக்கு அஞ்ச வேண்டாம், அவற்றைக் கொண்டாடவும் வேண்டாம். இணையத்தில் பார்த்து நாக்கில் புளிப்புச் சாறு விடுவதை இன்றே நிறுத்துங்கள். விழுங்கும் திறனைப் பரிசோதிக்காத ஒருவருக்கு அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவைத் தரக்கூடும். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் 'மூளை மாத்திரை' குப்பைக்கூடைக்கு உரியது. அமன்டடின் என்ற மருந்து தேறுதலை விரைவுபடுத்துவதாக 2012இல் நிறுவப்பட்டது உண்மைதான். ஆனால் அது வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதால், கொடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியதுதான் என்னை உறுத்துகிறது: போன வாரம் உங்களைக் கண்ணால் தொடர்ந்தவர், இரண்டு நாளாகத் தூங்கியே கிடக்கிறார். தேறிவந்தவர் பின்வாங்குவதைக் களைப்பு என்று விட்டுவிடக் கூடாது. மூளைக்குள் நீர் தேங்குவது, உடல் உதறாமலேயே உள்ளுக்குள் ஓடும் வலிப்பு, நோய்த்தொற்று ஆகிய மூன்றும் இப்படித்தான் தலைகாட்டும், மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. ஆகவே அடுத்த மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, தலை ஸ்கேனும் மூளையின் மின்னலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவும் தேவையா என்று கேளுங்கள்.