எண்ணெய்த் தேய்ப்பும் ஆடுகளத்து விழிப்பும்

கேள்வி: கல்லூரிக் கபடி அணியில் ஆடுகிறேன். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் அன்று முழுவதும் மந்தமாக இருக்கிறது. மசாஜால் மூளையில் ஏதேனும் மாறுகிறதா? போட்டி நாளில், காலையிலோ மாலையிலோ, அதைச் செய்துகொள்ளலாமா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: மாறுகிறது, ஆனால் எந்தத் திசையில் மாறும் என்பது கையின் அழுத்தத்தையும் தேய்க்கும் நேர அளவையும் பொறுத்தது. அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் மூளை மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. கருவியுடன் ஆராய்ந்தபோது, மிதமான அழுத்தத்தில் பிடித்துவிட்டவர்களுக்கு இதயத் துடிப்பு தணிந்து, ஆழ்ந்த தளர்வைக் காட்டும் டெல்டா அலைகள் கூடின; மேலோட்டமாகத் தடவியபோது மாறாகக் கிளர்ச்சியே தென்பட்டது. அதே குழுவின் 1996ஆம் ஆண்டு ஆய்விலோ, நாற்காலியில் அமர்த்தி 15 நிமிடம் மட்டும் மசாஜ் செய்யப்பட்டவர்கள் மனக்கணக்கை முன்னைவிட விரைவாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள். ஆகவே மசாஜ் என்றாலே தூக்கம் என்று சொல்லிவிட முடியாது. அருவிக்கரையில் படுக்கவைத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, குளித்து, மீன் குழம்போடு வயிறாரச் சாப்பிட்டபின் வரும் மந்தத்திற்கு எண்ணெயை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை.

காலையா மாலையா என்ற பொழுதின் செல்வாக்கு இதைவிடப் பெரிது என்பது என் கருத்து. உடல் வெப்பநிலை விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்தும் பிற்பகல் முடிந்து மாலை தொடங்கும் வேளையில் மிக உயர்ந்தும் இருப்பதால், தசை வலுவும் எதிர்வினை வேகமும் பெரும்பாலோருக்கு மாலையிலேயே மேலோங்குகின்றன. மூளையலைகளின் அளவும் பொழுதுக்கேற்ப மாறும் என்பதால், காலையில் எடுத்த பதிவை மாலைப் பதிவோடு ஒப்பிட்டு மசாஜின் பலனை முடிவு செய்வது பிழையாகும். உங்கள் போட்டி காலையில் என்றால், சில வாரங்களுக்கு முன்பிருந்தே பயிற்சியையும் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; அந்த வேளைக்கு உடல் பழகிவிடும்.

பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அலசி 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, மசாஜ் வலுவையோ ஓட்ட வேகத்தையோ கூட்டுவதில்லை; தசைவலியைச் சற்றுக் குறைத்து, வளைந்துகொடுக்கும் தன்மையைச் சற்றே மிகுவிக்கிறது. எனவே முழு எண்ணெய்த் தேய்ப்பைப் போட்டி முடிந்த மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்திற்கு முன் தொடை, கெண்டைக்கால்களைச் சில நிமிடம் விறுவிறுவென்று எண்ணெய் இல்லாமல் தேய்த்துவிட்டு, உடலைச் சூடேற்றும் பயிற்சிகளைச் செய்தால் போதும். உடலில் எண்ணெய் பூசிக்கொண்டு களமிறங்கக் கபடி விதிகளே அனுமதிப்பதில்லை.