ஈ.சி.எம். போய்விட்டது என்கிறார்கள்; உடனே வாங்கிவிடலாமா?

கேள்வி: மாதவரத்தில் வசிக்கிறேன். சொந்தமாக ஒரே ஒரு லாரி, நானேதான் ஓட்டுகிறேன். 2017 மாடல், பி.எஸ்.4 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி. மணலியிலிருந்து ஒரகடத்துக்கு லோடு எடுத்துப் போகிறேன். இரண்டு மாதமாக வண்டி சூடேறியதும் ஓட்டத்திலேயே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. ஸ்கேனர் போட்டதில் ஐந்தாறு சென்சார் கோளாறுகளை ஒன்றாகக் காட்டியது. ‘ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்’ என்கிறார் மெக்கானிக். புதியது 90,000 ரூபாய் ஆகுமாம். புதுப்பேட்டையில் பழையது 22,000 ரூபாய். உள்ளே இருக்கும் போர்டைச் சரிசெய்து தர இன்னொருவர் 12,000 கேட்கிறார். அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வேறு. எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு மூன்றையுமே வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஈ.சி.எம். கெட்டுவிட்டது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. வேறு இரண்டு கோளாறுகளின் சாயல்தான் தெரிகிறது.

முதலில் அந்த ஐந்தாறு சென்சார்கள். ஒரே நாளில் அத்தனையும் கெடாது என்பது உண்மை. அதனால்தான் பலரும் நேராக ஈ.சி.எம்.மைக் கைகாட்டுகிறார்கள். ஆனால் சென்சார்களில் பலவற்றுக்கு ஈ.சி.எம். 5 வோல்ட் மின்சாரத்தைப் பொதுவாகப் பகிர்ந்துதான் அனுப்புகிறது. அவற்றில் ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும், ஒரு வயர் சேஸியில் உரசித் தோல் உரிந்தாலும் அந்த 5 வோல்ட் விழுந்துவிடும். அதை நம்பியிருக்கும் எல்லா சென்சாரும் கெட்டதாகவே ஸ்கேனரில் தெரியும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை (வயர் சேரும் இணைப்பான்களை) ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ, கோளாறு அங்கேதான்.

சூடானால் நிற்பது, ஆறினால் கிளம்புவது என்பது பெரும்பாலும் கிராங்க் சென்சாரின் (இன்ஜின் சுற்றுவதை ஈ.சி.எம்.முக்குச் சொல்லும் சென்சார்) குணம். அடுத்த முறை வண்டி நின்றதும், ஆறவிடாமல், ஸ்கேனரை மாட்டிவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். இன்ஜின் சுற்றும்போதும் ஆர்.பி.எம். பூஜ்யம் என்றே காட்டினால் அந்த சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். ஈ.சி.எம். விலையோடு ஒப்பிட்டால் கிராங்க் சென்சார் விலை ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது எர்த், அதாவது பேட்டரி மைனஸிலிருந்து சேஸிக்குப் போகும் இணைப்பு. உங்கள் மணலி, எண்ணூர் பக்கம் உப்புக்காற்று. எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர், இதேபோல் ‘ஈ.சி.எம். மாற்ற வேண்டும்’ என்று சொல்லப்பட்ட ஒரு லாரியின் பேட்டரி எர்த் கேபிளை என் கண்முன் கழற்றினார். வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றியபோது கேபிள் முனைக்கு அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது. சேஸி பக்கம் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு திரும்ப முறுக்கினார். அவ்வளவுதான், அந்த லாரிக்கு வேறு எதுவும் வாங்கவில்லை. நீங்களும் பார்க்கலாம்: மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை ஈ.சி.எம்.மின் எர்த் வயரில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்து, ஈ.சி.எம். கப்ளர் வரை மின்சாரமும் எர்த்தும் ஒழுங்காக வந்து, சென்சார்களைக் கழற்றிய பிறகும் ஸ்கேனருக்கு அது பதில் சொல்லவில்லை என்றால்தான் ஈ.சி.எம். மேல் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் அது ஏன் கெட்டது என்று கேளுங்கள். அண்மையில் பாடியிலோ பம்பரிலோ வெல்டிங் வைத்தீர்களா? பேட்டரி முனைகளைக் கழற்றாமல் வெல்டிங் வைத்தால் ஈ.சி.எம். எரிந்துபோகலாம். 24 வோல்ட் வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 27 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 30ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரை (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பாருங்கள். இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசல் பீச்சுவது) வயரில் ஷார்ட் இருக்கும்போது புதியதை மாட்டினால் அதுவும் எரியும். 90,000 ரூபாய் ஒரே நாளில் புகையாகப் போவதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

கெட்டது உறுதியானால், உங்கள் நிலையில் நான் முதலில் போர்டைச் சரிசெய்யத்தான் கொடுப்பேன். காரணம், உங்கள் வண்டியின் சேஸி எண்ணும் இன்ஜெக்டர் குறியீடுகளும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு குறியீடு பொறித்திருக்கும்; எந்த சிலிண்டரில் எது என்று ஈ.சி.எம்.முக்குத் தெரிந்தால்தான் டீசல் அளவு சரியாக இருக்கும். வேறு பெட்டி மாட்டிவிட்டு இவற்றை ஏற்றாமல் விட்டால் வண்டி கிளம்பினாலும் புகை தள்ளும், மைலேஜ் குறையும். எனவே பழைய பெட்டியை எக்காரணம் கொண்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அதிலிருக்கும் தகவலைப் புதியதற்கு மாற்ற முடியும்.

உள்ளே தண்ணீர் புகுந்தோ போர்டு கருகியோ இருந்தால் சரிசெய்வதில் பயனில்லை, புதியதுதான். அந்த 90,000 ரூபாயில் புரோகிராமிங் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள்.

புதுப்பேட்டைப் பெட்டியை நான் கடைசியாகத்தான் சொல்வேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அலுமினியப் பெட்டிகளில் லேபிள் எண் ஒரு எழுத்து மாறினாலும் உள்ளே இருப்பது வேறு. எண் முழுதும் பொருந்த வேண்டும். விற்பவரே புரோகிராம் செய்து, லோடு ஏற்றி ஓட்டிக் காட்டிய பிறகே முழுப்பணம்.

எஃப்.சி. பற்றி ஒரு சொல். ‘அப்படியே ஆட்ப்ளூவையும் (புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் திரவம்) ஆஃப் செய்துவிடுகிறேன்’ என்று யாராவது ஆசை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வண்டியை அனுமதியின்றி மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

பில் உங்கள் பெயரில், வண்டி எண், பெட்டி எண், கியாரண்டி மாதங்கள் எல்லாம் எழுதி வாங்குங்கள். வாங்கியது கெட்டு நீங்கள் புகார் செய்தால், ‘லாரிக்காரர் வியாபாரி, நுகர்வோர் இல்லை’ என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அது தவறு. பிழைப்புக்காக லாரியைத் தானே ஓட்டுபவர் நுகர்வோர்தான் என்று 1995ஆம் ஆண்டு லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது.

கேள்வி: ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடை ஒன்றில் வேனுக்கு ஒரு சென்சார் வாங்கினேன். மறுநாளே வேலை செய்யவில்லை. ‘எலக்ட்ரிக்கல் பொருளுக்கு கியாரண்டி இல்லை, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். கேட்க வழியுண்டா? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: உண்டு. மனம் மாறித் திருப்புவது வேறு, பழுதான பொருளைத் திருப்புவது வேறு. பழுதான பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. சென்சார் வேலை செய்யவில்லை என்று உங்கள் மெக்கானிக்கிடம் இரண்டு வரி எழுதி வாங்கி, பில் நகலோடு கடைக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. அதுவரை அந்த சென்சாரை அட்டைப்பெட்டியோடு பத்திரமாக வைத்திருங்கள்.