வாசகர் கேள்விகள்: நுவரெலியாவில் ஓர் ஈர அறை

கேள்வி: கச்சான் காற்றின் வெக்கை தாங்க முடியாமல், போயா விடுமுறையை ஒட்டி இரண்டு இரவுகள் நுவரெலியாவில் தங்கி வரலாம் என்று மாமியாரும் பிள்ளைகளுமாக ஐந்து பேர் வான் பிடித்துப் புறப்பட்டோம். வட்ஸ்அப்பில் வந்த படங்களைப் பார்த்து, முற்பணமும் கட்டியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது அறையெங்கும் பூஞ்சண மணம். போர்வைகள் பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தன. சுடுநீர் என்று சொன்ன குழாயில் பச்சைத் தண்ணீரே வந்தது. வெளியே பார்த்தால் பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. விடுதிக்காரர் மனமிரங்கி இரவில் ஒரு சட்டியில் தணல் போட்டு அறைக்குள் கொண்டுவந்து வைத்ததுதான் ஒரே ஆறுதல். காலையில் எல்லோருக்கும் தலையிடி. பனி பிடித்துவிட்டது என்றார் மாமியார். நாங்கள் ஏமாற்றப்பட்டோமா, அல்லது குளிர்ப் பிரதேசம் என்றால் இப்படித்தான் இருக்குமா?
— ஒரு வாசகி, உப்புவெளி

பதில்: நீங்கள் ஆறுதல் என்று எழுதியிருக்கும் அந்தத் தணற்சட்டியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உயிராபத்தான விடயம் அது ஒன்றுதான். கதவு, சன்னல் சாத்திய அறையில் கரி எரியும்போது காபனோரொட்சைட்டு என்ற வாயு சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழும்பாமலே போகக்கூடும். ஐந்து பேருக்கும் ஒருசேர வந்த தலையிடிக்கு நான் பனியைக் குற்றம் சொல்ல மாட்டேன். இனி எங்கேயாவது தணற்சட்டி வந்தால், எவ்வளவு குளிராக இருந்தாலும் வாசலுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஈரம். நம் திருகோணமலையின் பெயரில் மலை இருந்தாலும் நாம் கடற்கரைக்காரர். நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 28 பாகை வெப்பத்தில் உள்ள காற்றுத் தாங்கக்கூடிய நீராவியில் ஏறத்தாழப் பாதியைத்தான் அங்கே 16 பாகையில் உள்ள காற்றுத் தாங்கும். தென்மேல் பருவக்காற்று மலையில் ஏறி, குளிர்ந்து, தாங்க முடியாத ஈரத்தை முகிலாகவும் மழையாகவும் அங்கேயே இறக்கிவிடுகிறது. கீழே நின்று பார்ப்பவருக்கு முகிலாகத் தெரிவதுதான் உள்ளே நிற்பவருக்குப் பனிமூட்டம். ஈரத்தை இழந்த அதே காற்று மலையின் மறுபக்கம் இறங்கும்போது சூடேறி, நம்மிடம் கச்சானாக வந்து சேர்கிறது. ஆகவே கச்சானுக்குப் பயந்து நுவரெலியாவுக்கு ஓடுகிறவர், அந்தக் கச்சான் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு வரும் இடத்துக்கே ஓடுகிறார் என்பதை, சற்றுச் சிரிப்போடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெயிலும் தெளிந்த வானமும் வேண்டுமென்றால் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் பொருத்தமானவை. இரவுக் குளிர் அப்போதும் கடுமையாகவே இருக்கும். ஏப்ரல் மாதம் வசந்த கால விழாக் கூட்டத்தில் அறை கிடைப்பதே பாடு.

ஆனால் பனிமூட்டம் இயற்கை என்பதற்காகப் பிழிந்தால் சொட்டும் போர்வையும் இயற்கையாகிவிடாது. அங்கே அறை உலர வேண்டுமானால் சூடு வேண்டும். நாம் வீட்டில் செய்வது போலச் சன்னலைத் திறந்துவிட்டால், ஈரம் நிறைந்த பனிக்காற்றே உள்ளே வரும். வார நாட்களில் பூட்டிக் கிடந்து, வெள்ளிக்கிழமை மாலையில் திறக்கப்படும் அறையில் ஐந்து பேர் மூச்சு விட்டால், அந்த மூச்சின் ஆவி குளிர்ந்த சீமெந்துச் சுவரில் பட்டு நீராக வழியும். சில வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஓர் அறையில் ஒரு சனிக்கிழமை இரவைக் கழித்தேன். மேலே விரித்திருந்த துணி மடிப்புக் குலையாமல் புத்தம்புதிதாக இருந்தது. மெத்தையை ஒரு முனையில் தூக்கி அடியில் கையை வைத்துப் பார்த்தபோது, உள்ளங்கையில் பலகையின் கறுப்புப் பூஞ்சணம் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று முதல் எந்த மலையக விடுதியிலும் பையை இறக்குவதற்கு முன் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

முற்பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில், அறையில் மின்சார ஹீட்டர் உண்டா, சுடுநீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வரும், மின்சாரம் நின்றால் என்ன ஏற்பாடு, கடைசியாக அந்த அறையில் ஆட்கள் தங்கியது எப்போது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தடுமாறுகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். நாம் இங்கே ஏசி உண்டா என்று கேட்டுப் பழகியதால், ஹீட்டரைப் பற்றிக் கேட்க நாக்கு எழுவதில்லை.

கேள்வி: ஹோட்டன் சமவெளிக்குப் போய் ‘உலக முடிவு’ என்ற செங்குத்தான மலை விளிம்பில் நின்றோம், வெள்ளைத் திரையைத் தவிர எதுவும் தெரியவில்லை. எத்தனை மணிக்குப் போக வேண்டும்?
— ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: நீங்கள் போன நேரத்தை எழுதவில்லை, காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் புறப்பட்டிருப்பீர்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கில் இருந்து முகில் ஏறி விளிம்பை மூடிவிடும். நுவரெலியாவில் இருந்து அங்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் மலைப்பாதை. சுற்றி நடக்கும் பாதை 9 கிலோமீற்றர் அளவு. வாயில் திறக்கும் ஆறு மணிக்கே அங்கே நிற்க வேண்டுமானால், விடிவதற்கு வெகு முன்பே விடுதியை விட்டு இறங்க வேண்டும். காலைச் சாப்பாட்டைப் பொதியாகக் கட்டித் தருவார்களா என்று முதல் நாள் இரவே கேட்டு வையுங்கள்.

கேள்வி: சொன்ன வசதி இல்லாத அறைக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?
— ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: கேட்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் உரியது. 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம், என்றாலும் நாட்களைக் கடத்தாமல் எழுத்திலும் முறையிடுவது நல்லது. முறைப்பாடு எழுதும்போது பனிமூட்டத்தைப் பற்றியும் காட்சி தெரியாததைப் பற்றியும் ஒரு வரியும் எழுதாதீர்கள். அவை உங்கள் வழக்கைப் பலவீனப்படுத்தும். சுடுநீர் தருவதாக அவர் எழுதிய வட்ஸ்அப் செய்தி, பணம் கட்டிய பற்றுச்சீட்டு, அறைக்குள் நுழைந்த உடனேயே எடுத்த படங்கள் ஆகியவையே போதும். படம் எடுக்கும்போது மெத்தையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.