கானோவுக்குப் போகலாமான்னு கேட்ட புதுவயல் தம்பிக்கு

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல மூணு நைஜீரியா பத்தினது. பதினோரு வருஷம் லாகோஸ்லயும் கானோவுலயும் இருந்துட்டு இப்ப காரைக்குடியில உக்காந்திருக்கேன், அதனால தெரிஞ்சத விரிவாவே எழுதுறேன்.

கேள்வி: அண்ணே, வயசு 34. புதுவயல்ல ரைஸ்மில்லுல பாய்லர், டிரையர் ரெண்டும் நான்தான் பாக்குறேன். கானோவுல ஒரு மில்லுக்கு கூப்புடுறாங்க. சம்பளம் அஞ்சு லட்சம் நைரான்னு சொல்றாங்க, கேக்கவே பெருசா இருக்கு. ஏஜென்ட் பிசினஸ் விசாவுல போயிருங்க, அங்க போயி மாத்திக்கலாம்ங்கிறார், ஒன்றரை லட்சம் கேக்குறார். எங்க ஆத்தா போகவேணாம்னு அழுகுது. என்ன செய்ய? (பெயர் வேண்டாம், புதுவயல்)

பதில்: தம்பி, போகலாம். ஆனா இந்த ஏஜென்ட் சொல்ற மாதிரி போகக்கூடாது.

முதல்ல விசா. பிசினஸ் விசாவுல போயி அங்க வேலை பாக்குறது சட்டப்படி தப்பு. முறையான வழின்னா, உங்களக் கூப்புடுற கம்பெனி கையில எக்ஸ்பேட்ரியேட் கோட்டா இருக்கணும், அதாவது இந்த வேலைக்கு வெளிநாட்டு ஆள் வச்சுக்கலாம்னு அந்த நாட்டு உள்துறை குடுக்குற அனுமதி. அத வச்சு உங்களுக்கு எஸ்.டி.ஆர் விசா, அதாவது வேலைக்குன்னே போறவங்களுக்கான விசா அடிப்பாங்க, போய் இறங்கினதும் கம்பெனியே செர்பாக் கார்டு, அதாவது அங்க தங்கி வேலை பாக்குறதுக்கான பெர்மிட் எடுத்துக் குடுக்கணும். அந்தக் கார்டுதான் அங்க உங்க உசுரு மாதிரி. கோட்டா காப்பிய அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா அதுலயே பதில் இருக்கு. நான் முதல் தடவ ஏஜென்ட் பேச்சக் கேட்டு பிசினஸ் விசாவுலதான் போனேன், பாஸ்போர்ட்ட முதலாளி வாங்கி வச்சுக்கிட்டார், நாலு மாசம் காம்பவுண்டு வாசலத் தாண்ட முடியாம கெடந்தேன், ஊர்ல அப்பத்தா தவறிப்போனதுக்குக் கூட வர முடியல. இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறது இன்னொரு கோளாறு. வெளியுறவுத்துறையில பதிஞ்ச ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சபட்சமே 30,000 ரூபாயும் அதுக்கு மேல ஜி.எஸ்.டி.யும்தான். அவர் பேரு அந்தத் துறையோட எமிக்ரேட் வெப்சைட்ல இருக்கான்னு பாருங்க.

அடுத்தது சம்பளம், இதுலதான் ரொம்பப் பேரு ஏமாந்தது. 2023 ஜூன்ல அந்த நாட்டுப் பணமான நைராவோட மதிப்ப சந்தையே முடிவு பண்ணட்டும்னு அரசாங்கம் கட்டவிழ்த்து விட்டுச்சு, அதுக்கு முன்னாடி ஒரு டாலருக்கு 460 நைரா பக்கம் இருந்துச்சு, 2024 ஆரம்பத்துல 1,500ஐத் தாண்டிருச்சு. உங்களுக்குச் சொன்ன அதே அஞ்சு லட்சம் நைராவ எடுத்துக்குங்க, பழைய கணக்குல கிட்டத்தட்ட 1,087 டாலர், புதுக் கணக்குல 333 டாலர். அதே வேலை, அதே வேர்வை, ஒரு வருஷம் கூட ஆகல. என் கூட இருந்த பசங்க ஊருக்குக் காசு அனுப்ப முடியாம, நகைக்கடன் கட்ட முடியாம தவிச்சத கண்ணால பாத்தவன் நான். அதனால சம்பளம் டாலர்ல பேசுங்க, பெரிய பங்கு மாசாமாசம் இங்க உங்க என்.ஆர்.இ. அக்கவுண்டுல, அதாவது வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கான பேங்க் கணக்குல விழணும், அங்க கைச்செலவுக்கு மட்டும் நைரா. எல்லாம் கான்ட்ராக்ட்ல எழுத்துல இருக்கணும்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசில்ல தம்பி. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பாக்கப் போனவங்க மூணு வருஷக் கணக்கு பேசித்தான் கப்பல் ஏறுனாங்க, என்ன சம்பளம், எப்பத் திரும்புறதுன்னு எல்லாம் முன்னாடியே முடிவு. நீங்களும் அப்படிக் கேளுங்க: எத்தன வருஷம், லீவு எப்போ, டிக்கெட் யாரு, ஒடம்புக்கு முடியலன்னா ஆஸ்பத்திரி செலவு யாரு, ஊர்ல துக்கம்னா எத்தன நாள்ல விடுவாங்க.

பாதுகாப்பு பத்தி ஆத்தாகிட்ட மறைக்காதீங்க. ஆள் கடத்தல் இருக்கு, ஊருக்கு ஊரு ரோட்டுல போறதுதான் ஆபத்து, ராத்திரியில கூடவே கூடாது. ஏர்போர்ட்ல இருந்து கம்பெனி வண்டி, கம்பெனி காவல் இல்லாம நகரவேணாம். கானோ ஷரியா சட்டம் இருக்கிற மாநிலம், அங்க குடிக்குத் தடை, அத மதிச்சு நடந்துக்கணும். மத்தபடி அந்த ஜனங்க மாதிரி மரியாதை தெரிஞ்ச ஜனங்கள நான் பாத்ததில்ல. காலையில மெஷின தொடுறதுக்கு முன்னாடி ‘சன்னு’ன்னு வணக்கம் சொல்லி, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு விசாரிச்சுட்டுத்தான் வேலைப் பேச்சே. நேரா வேலைய ஏவுனீங்கன்னா மனசு விட்டுப் போயிரும்.

கேள்வி: அண்ணே, வீட்டுக்காரர் லாகோஸ் போயி ஒரு வருஷம் ஆச்சு, என்னையும் அஞ்சு வயசுப் புள்ளையையும் வரச் சொல்றார். சாப்பாடு, கரண்டு, ஸ்கூலு ஒண்ணுமே புரியல, பயமா இருக்கு. (வாசகி, தேவகோட்டை)

பதில்: பயப்படாதீங்க தங்கச்சி, ஆனா மஞ்சக் காய்ச்சல் ஊசிய முதல்ல முடிச்சிருங்க. மஞ்சக்காமாலை வேற, இது வேற. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்லயும் துறைமுக சுகாதார ஆபீஸ்லயும் போடுறாங்க. பல்லவன் ரயில்ல போனா சென்னை சேரவே மத்தியானமாயிரும், அதனால முதல் நாளே போயித் தங்கிக்குங்க. ஊசி போட்டதும் ஒரு கார்டு குடுப்பாங்க, போட்டு பத்து நாள் கழிச்சுத்தான் அந்தக் கார்டு செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். அந்தக் கார்டு இல்லாம ஊர் திரும்பினா இங்க ஏர்போர்ட்லயே பிடிச்சு ஆறு நாள் வரைக்கும் தனியா வச்சிருவாங்க. முட்டை அலர்ஜி இருந்தா, இல்ல மறுபடி மாசமா இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லணும்.

கரண்டு சொல்ல முடியாது, 2024ல மட்டும் பல தடவ நாடு பூரா கிரிட் விழுந்துச்சு. வீடு பாக்கும்போது ஜெனரேட்டர் எத்தன மணி நேரம் ஓடும், டீசல் காசு யாருதுன்னு கேளுங்க. போன கரண்டு வந்ததும் தெருப் பிள்ளைங்க ‘அப் நேப்பா!’ன்னு கத்தும், அது பழைய மின்வாரியத்தோட பேரு, உங்க புள்ள ஒரு வாரத்துல கூடச் சேந்து கத்தும் பாருங்க. ஸ்கூல் பக்கமா வீடு எடுங்க, டிராஃபிக்க அங்க ‘கோ ஸ்லோ’ம்பாங்க, அதுல மாட்டுனா புள்ள வண்டியிலயே தூங்கிரும். இலுப்பேஜு பக்கம் நம்ம நாட்டுக் குடும்பங்கள் நிறைய, இந்தியக் கடையும் உண்டு.

சாப்பாட்டுக்கு நீங்க கலங்கவே வேணாம். அங்கயும் புழுங்கரிசி தான். தட்டப்பயற ஊறவச்சு தோலெடுத்து அரைச்சு எண்ணெயில போட்டு ‘அக்காரா’ன்னு விக்கிறாங்க, முதல் தடவ வாயில வச்சப்ப எனக்கு நம்ம வீட்டு வட ஞாபகம் வந்து தொண்ட அடைச்சுக்கிச்சு. கானோவுல முருங்கக்கீரைய ‘சோகலே’ன்னு நெலக்கடலைப் புண்ணாக்குப் பொடி போட்டுப் பெசஞ்சு திங்கிறாங்க, புளியும் சந்தையில கெடைக்கும். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, கொஞ்சம் இட்லி அரிசி மட்டும் கொண்டு போங்க. லாகோஸ்ல யோருபா ஜனங்க பெரியவங்களப் பாத்தா ஆம்பளைங்க நெடுஞ்சாண்கிடையா விழுவாங்க, பொம்பளைங்க மண்டி போடுவாங்க. நம்ம வீட்டு விசேஷத்துல கால்ல விழுந்து திருநீறு வாங்குறவங்களுக்கு அந்த ஊரு அந்நியமாத் தெரியாது.

கேள்வி: தம்பி, எம்மகன் நைஜீரியாவுல இருந்து லீவுல வந்து பத்து நாளாச்சு. மூணு நாளா குளிர் காய்ச்சல். வைரல்னு மாத்திர குடுத்தாங்க, கேக்கல. (ஒரு ஆச்சி, கோட்டையூர்)

பதில்: ஆச்சி, உங்களுக்கு அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன், மத்தவங்களுக்காக இங்கயும் எழுதுறேன். அங்க இருந்து வந்தவங்களுக்குக் காய்ச்சல்னா அன்னைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பாக்கணும், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அங்க இருக்கிறது பெரும்பாலும் பால்சிபேரம்ங்கிற மோசமான மலேரியா வகை, நாள் கடத்துனா மூளைக்கும் கிட்னிக்கும் போயிரும், ஊர் வந்து பல வாரம் கழிச்சுக்கூட காய்ச்சலா வெளிய வரும். நம்ம ஊர் டாக்டருக்கு அது தோணாமப் போகலாம், அதனால ‘ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கேன்’னு நாமளாத்தான் மொதல்ல சொல்லணும். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில ரத்தப் பரிசோதனை இலவசம். ஒரு தடவ இல்லன்னு வந்தாலும் காய்ச்சல் விடலன்னா மறுநாள் திரும்ப எடுக்கணும்.

ஆச்சி மகனுக்கு பால்சிபேரம்தான்னு வந்து, மாத்திர முடிச்சு, நேத்து வெள்ளப் பணியாரம் கேட்டுச் சாப்பிட்டாருன்னு ஆச்சி சொன்னாங்க, அப்பத்தான் எனக்கும் நிம்மதி. ஒருக்க வந்துருச்சு, இனி வராதுன்னு இருந்துறாதீங்க ஆச்சி, திரும்பத் திரும்ப வரும். திரும்பிப் போறப்ப மருந்து முக்கின கொசுவல ஒண்ணு, மலேரியா டெஸ்ட் கிட் நாலு பெட்டியில வச்சு விடுங்க, அங்க இருக்கயில எந்தத் தடுப்பு மாத்திர போடலாம்னும் டாக்டர்கிட்ட இப்பவே கேட்டுக்கச் சொல்லுங்க.