வாசகர் கேள்வி: வெளிநாட்டுப் பயணமும் முகச்சவரமும்

கேள்வி: இரண்டு மாதப் பயணமாக முதலில் ஜெர்மனிக்கும் பிறகு ஜப்பானுக்கும் செல்ல இருக்கிறேன். கைப்பெட்டி ஒன்றை மட்டுமே எடுத்துச் செல்ல எண்ணியுள்ளேன். இருபுறமும் கூர் உள்ள பிளேடு போடும் பழைய வகை ரேசர், டியூபில் வரும் ஷேவிங் கிரீம், பிரஷ் ஆகியவையே என் வழக்கம். இவற்றில் எதை உடன் கொண்டு போகலாம், எதை அங்கே வாங்கிக்கொள்ளலாம்?

பதில்: பிளேடை அங்கே வாங்குங்கள், மற்றவற்றை எடுத்துச் செல்லுங்கள். விமானத்தின் உள்ளே கொண்டுபோகும் பெட்டியில் தனி பிளேடுகளுக்கு அனுமதி இல்லை. ரேசருக்குள் மாட்டியிருந்தாலும் அது தனி பிளேடாகவே கருதப்படும். பிளேடு கழற்றிய ரேசரைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்றாலும், சோதனை அதிகாரியின் முடிவே இறுதியானது என்பதால், அதன் தலையைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்தவுடன் தெரியும்படி வைத்திருப்பது நல்லது. பிளாஸ்டிக்கில் பதித்த பிளேடுகளுடன் வரும் ‘யூஸ் அண்ட் த்ரோ’ ரேசருக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் பொதுவாக இந்தத் தடை கிடையாது. ஆகவே போய்ச் சேர்ந்த முதல் சில நாட்களுக்கு அப்படி ஒன்றை வைத்துக்கொண்டால், இறங்கியவுடன் பிளேடு தேடி அலைய வேண்டியிருக்காது.

கிரீமுக்கு 2006-இல் வந்த திரவ விதி பொருந்தும்: ஒவ்வொரு கொள்கலனும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். இங்கே கணக்கு டியூபின் அளவுக்குத்தான், உள்ளே மிச்சமிருப்பதற்கு அல்ல. பாதி தீர்ந்த 150 மில்லி டியூபையும் எடுத்து வைத்துவிடுவார்கள். புதிய ஸ்கேனர்கள் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது. ஆனால் வழியில் உள்ள எல்லா நிலையங்களும் அப்படி இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கட்டியாகவோ குச்சி வடிவிலோ வரும் ஷேவிங் சோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது திரவக் கணக்கில் வராது, கசியாது, இரண்டு மாதத்துக்கும் தாராளமாகப் போதும். என்னைக் கேட்டால் பயணத்துக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை.

பிளேடைப் பற்றிக் கவலை வேண்டாம். 1903-இல் ஜில்லெட் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேசரின் வழியில் வந்த இந்த இருபுற பிளேடுகள் இன்று எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் உங்கள் ரேசரில் பொருந்தும். ஜெர்மனியில் ‘அபோதேக்கே’ என்று பலகை மாட்டிய கடை மருந்துக்கானது. சோப்பு, பற்பசை, சவரப் பொருட்களுக்கு ‘ட்ரோகெரி’ என்னும் வகைக் கடைக்கோ பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கோ போக வேண்டும். அங்கேயும் அலமாரியின் பெரும்பகுதியைக் கார்ட்ரிட்ஜ்களே பிடித்துக்கொண்டிருக்கும். சாதாரண பிளேடு கீழ்வரிசையின் மூலையில் சிறு பொட்டலமாகத் தொங்கலாம். சிறியதும் விலை கூடியதுமான கார்ட்ரிட்ஜ்கள் அதிகம் திருடு போவதால் சில நாடுகளில் அவற்றைப் பூட்டியோ காசாளருக்குப் பின்னாலோ வைத்திருப்பார்கள். கண்ணில் படவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள். ஜப்பானின் ஃபெதர் பிளேடு மிகக் கூர்மையானது என்று பெயர் பெற்றது. பழகிய கையென்றாலும் முதல் நாள் அழுத்தாமல், ரேசரின் எடையிலேயே இழுங்கள்.

கேள்வி: கைப்பிடியை மட்டும் எடுத்துப் போய், போன ஊரில் அதே நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜை வாங்கினேன். மாட்டவே முடியவில்லை. போலியாக இருக்குமோ?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் வரிசைக்கு வரிசை மாட்டும் கழுத்து வேறுபடும். 1998-இல் வந்த மாக்3 கைப்பிடியில் 2006-இல் வந்த ஃப்யூஷன் கார்ட்ரிட்ஜ் ஏறாது. இரண்டும் ஜில்லெட்டின் தயாரிப்புகள்தாம். பெயரும் ஊருக்கு ஊர் மாறும்: அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஷிக் என்று விற்கும் நிறுவனம் ஐரோப்பாவில் வில்கின்சன் ஸ்வோர்டு என்ற பெயரில் விற்கிறது. ஆகவே பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாமல், பழைய கார்ட்ரிட்ஜின் பின்புறத்தையும் கைப்பிடியின் நுனியையும் கைப்பேசியில் நெருக்கமாகப் படம் எடுத்துச் செல்லுங்கள். மொழி தெரியாத கடையிலும் அது பேசிவிடும்.

கேள்வி: வீட்டில் நன்றாக நுரைக்கும் சோப்பு, பயணம் போன இடத்தில் நுரைக்கவே இல்லை. முகமும் வறண்டு எரிந்தது. காரணம் என்ன?

பதில்: கடின நீராக இருக்க வாய்ப்பு அதிகம். நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவமாகிவிடுகின்றன. வாஷ்பேசின் ஓரத்தில் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். நுரையாக வேண்டிய சோப்பின் ஒரு பங்கு இப்படி வீணாகிறது. அறையில் உள்ள கெட்டிலின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அந்தக் கெட்டிலே மருந்தும் ஆகலாம். கடினத்தன்மையின் ஒரு பகுதி கொதிக்கும்போதே படிந்து நீங்கிவிடும் என்பதால், நீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேலாக ஒரு டம்ளர் எடுத்து நுரைக்கப் பயன்படுத்துங்கள். தாது உப்பு குறைந்த பாட்டில் தண்ணீரும் ஆகும். பிரஷை நனைக்க அரை டம்ளருக்கு மேல் தேவைப்படாது. சோப்பையும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். எரிச்சல் அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பிளேடைப் பாருங்கள்: ஐந்திலிருந்து ஏழு சவரத்துக்கு மேல் ஒரே பிளேடை ஓட்டக் கூடாது என்பது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமியின் அறிவுரை. புதிதாக வாங்கிய கிரீம் என்றால் முதலில் முன்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது நல்லது. சிறு வெட்டுக்காயங்களுக்கு ஒரு துண்டு படிகாரம் போதும்.

கேள்வி: மின்சார ஷேவருக்கு மின்னழுத்த மாற்றி வாங்க வேண்டுமா?

பதில்: சார்ஜரின் மேல் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வேண்டாம், ஜப்பானின் 100 வோல்ட்டும் ஐரோப்பாவின் 230 வோல்ட்டும் அதற்குள் அடங்கிவிடும். பிளக்கின் வடிவம் மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். பிரிட்டனில் குளியலறைச் சுவரில் ஷேவருக்கென்றே ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஹேர் டிரையர் போன்றவற்றைச் செருகக் கூடாது.

கேள்வி: அங்கே வாங்கிய பிளேடுகள் மிஞ்சினால், திரும்பும்போது என்ன செய்வது?

பதில்: செக்-இன் செய்யும் பெட்டி இருந்தால் அதில் போடலாம். கைப்பெட்டி மட்டுமென்றால் விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஆகவே ஐந்து பிளேடு உள்ள சிறு பொட்டலமாகவே வாங்குங்கள். பயன்படுத்தியவற்றை அறையின் குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள், 0.1 மில்லிமீட்டர் தடிமனே உள்ள அந்தத் தகடு, பையைக் கிழித்துக்கொண்டு துப்புரவுப் பணியாளரின் விரலைப் பதம் பார்த்துவிடும். பல பிளாஸ்டிக் பொட்டலங்களின் பின்பக்கத்தில் பழைய பிளேடைச் செருக ஒரு பிளவு இருக்கும். இல்லையென்றால் தடித்த அட்டையில் மடித்து டேப் ஒட்டி, உள்ளே பிளேடு இருக்கிறது என்று சொல்லி வரவேற்பில் கொடுத்துவிடுங்கள். புறப்படும் நாளில் ரேசருக்குள் இருக்கும் கடைசி பிளேடையும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்; பாதுகாப்புச் சோதனையில் சிக்குவது பெரும்பாலும் அதுதான்.