வெர்முத் கெட்டுவிட்டதா, செய்முறை தவறா?

வணக்கம். ஆறு மாதங்களுக்கு முன் திறந்த இனிப்பு வெர்முத்தை அலமாரியிலேயே வைத்திருந்ததாகவும், இப்போது அதில் கலக்கும் நெக்ரோனி காக்டெய்ல் புளித்துச் சப்பென்று இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அளவுகளில் பிழையில்லை. ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, வெர்முத் மூன்றும் தலா 30 மி.லி. என்பதுதான் முறை. பழுது அந்தப் புட்டியில்தான்.

பலரும் வெர்முத்தை விஸ்கி போல நினைத்துவிடுகிறார்கள். அது ஒயின். மூலிகைகளை ஊறவைத்து, கொஞ்சம் சாராயம் சேர்த்து வலுவூட்டியது, அவ்வளவே. ஆல்கஹால் பெரும்பாலும் 15 முதல் 18 சதவீதம்தான் என்பதால், திறந்ததும் காற்று பட்டு மணம் மங்கத் தொடங்கிவிடும். வெர்முத் என்ற பெயரே மாசிபத்திரி இனச் செடி ஒன்றின் ஜெர்மன் பெயரிலிருந்து வந்தது. அந்த மூலிகை வாசம் போனபின் மிஞ்சுவது களைத்துப்போன ஒயின்.

ஒரு மிடறு தனியாகக் குடித்துப் பாருங்கள். காடி வாடை அடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை சிறிய புட்டியாக வாங்கி, திறந்த அன்றே இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள். மிஞ்சுகிறதென்றால் பனிக்கட்டியும் ஆரஞ்சுத் துண்டும் போட்டு அப்படியே அருந்தலாம். எனக்கு அதுதான் மிகவும் பிடிக்கும்.

மார்ட்டினி காக்டெய்லுக்கு மட்டும் இதை ஊற்றிவிடாதீர்கள், அதற்கு இனிப்பு குறைந்த டிரை வகை வேண்டும்.