வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருக்கும்போது, மூன்று மாதச் சர்க்கரைப் பரிசோதனை எதற்கு?

ஹெச்பிஏ1சி எனப்படும் இந்தப் பரிசோதனை, ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஒட்டிய சர்க்கரை எளிதில் பிரியாது. எனவே கடந்த வாரங்களின் சராசரி அதில் பதிந்திருக்கும். நெல்லைக் குறுக்குத்துறையில் இன்று தாமிரபரணி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது போன்றது வெறும் வயிற்றுச் சோதனை. பாபநாசம் அணையின் நீர்மட்டமோ பல வார மழையின் கணக்கைச் சொல்லும்.

பலருக்கு இலக்கு 7 சதவீதத்துக்குக் கீழே. முதியவர்களுக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்துவதுண்டு. ரத்தசோகை இருந்தால் அளவு மாறித் தெரியலாம், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் தயவுசெய்து இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரையும் கொதிப்பும் சேர்ந்தால் சிறுநீரகம் விரைவாகப் பழுதாகும்.

பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் அல்வாவையும் கருப்பட்டிக் காபியையும் நிறுத்தினால் இந்த எண் இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், இறங்காது.